வயிற்றில் முடி உருண்டை: எந்தச் சிகிச்சைக்கு எத்தனை மதிப்பெண்?

பிடுங்கித் தின்ற முடி இரைப்பையில் திரண்டு உருண்டையாவதை மருத்துவர்கள் ட்ரைக்கோபெசோவார் என்பார்கள். பெரும்பாலும் பதின்வயதுப் பெண்களிடம் காணப்படுவது. அதை எடுக்க இன்றைக்கு உள்ள வழிகளில், பழைய திறந்த அறுவைதான் இன்னும் முதலிடத்தில் இருக்கிறது.

முதலில் கண்டறிதல். மேல்வயிற்றில் அழுத்தினால் நகரும் கெட்டியான கட்டி, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிரம்புவது, வாந்தி, எடை குறைவு, ரத்தசோகை, வாய் நாற்றம் எல்லாம் சேர்ந்திருந்தால் தலையைப் பார்க்க வேண்டும். வழுக்கைத் திட்டும் உடைந்த முடியும் தெரியலாம். தலை சரியாக இருந்தாலும் சந்தேகத்தை விடக் கூடாது. பொம்மை முடி, கம்பளி இழை தின்பவர்களும் உண்டு. பெற்றோர் எதிரில் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். தனியாகக் கேளுங்கள்.

அல்ட்ராசவுண்டில் வெள்ளையாக ஒரு வளைவும் அதன் பின்னால் கருநிழலும் தெரியும். வாயு என்று நினைத்துக் கடந்துவிடுவது எளிது. சி.டி. ஸ்கேன் அதைவிட மேல். சுவரோடு ஒட்டாத, காற்றுக்குமிழ்கள் சிக்கிய கட்டியையும், சிறுகுடலுக்குள் இறங்கிய வாலையும் காட்டிவிடும். வால் நீண்டிருந்தால் ரபன்ஸல் சிண்ட்ரோம். 1968இல் முதலில் விவரிக்கப்பட்டது. எண்டோஸ்கோப்பியில், அதாவது வாய் வழியே கேமராக் குழாயை விட்டு, நேரில் பார்த்து உறுதி செய்யலாம்.

கோலா குடித்துக் கரைக்கும் வழிக்குப் பூஜ்ஜியம். அது தாவர நார் உருண்டைக்குப் பலன் தரக்கூடியது. முடியின் புரதமான கெராட்டினை இரைப்பை அமிலமே ஒன்றும் செய்வதில்லை. பப்பாளியிலிருந்து எடுக்கும் பப்பெயின் நொதியும் உருண்டையை விட்டுவிட்டு இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கலாம்.

எண்டோஸ்கோப்பி வழியாக எடுப்பது மிகச் சிறிய உருண்டைக்கு மட்டும். முடி பின்னிக் கிடப்பதால் எளிதில் துண்டாகாது. குழாயைத் திரும்பத் திரும்ப நுழைத்தால் உணவுக்குழாய் காயப்படும், பிய்ந்த துண்டு நழுவிக் குடலை அடைக்கும். சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியில் தழும்பு சிறியது, ஆனால் நேரம் பிடிக்கும். நாறும் இரைப்பைச் சரக்கு வயிற்றறைக்குள் சிந்தித் தொற்று வரலாம். தேர்ந்த கை, நடுத்தர உருண்டை என்றால் பரவாயில்லை.

திறந்த அறுவையில் இரைப்பையைக் கீறி உருண்டையை முழுசாக எடுக்கிறார்கள். வால் இழுத்தும் வராவிட்டால் பலவந்தம் கூடாது, குடல் கிழியும்; அங்கே தனியாக ஒரு கீறல் போட வேண்டும். பிறகு சிறுகுடல் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்துத் தனித்துண்டு தங்கியிருக்கிறதா என்று தேட வேண்டும். இந்தத் தேடலை விட்டால் சில நாளில் அடைப்போடு மறுபடி அறுவை மேஜைக்கு வர நேரிடும்.

பெரும்பாலான இடங்களில் மதிப்பெண் குறைவது இதற்குப் பிறகுதான். தையல் பிரித்ததோடு அனுப்பிவிட்டால் உருண்டை மறுபடி திரளும். கை தலைக்குப் போகும் தருணத்தை உணர்ந்து, உடனே முஷ்டியை இறுக்கிப் பிடிக்கப் பழக்கும் நடத்தைப் பயிற்சிதான் முதல் மருந்து. அசிட்டைல்சிஸ்டைன் என்ற மருந்து தினம் 1200 முதல் 2400 மி.கி. வரை, பெரியவர்களுக்கு முடி பிடுங்குவதைக் குறைக்க உதவியதாக 2009 ஆய்வு சொன்னது. சிறார்களிடம் நடத்திய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் மனநல மருத்துவரைப் பார்க்கும் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.