டிஎம்எஸ் சிகிச்சை: 30 சிட்டிங் முடித்த பிறகு எழுதுகிறேன்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர் நான். மன அழுத்தத்துக்கு இரண்டு வருடமாக மாத்திரை. மாற்றி மாற்றிக் கொடுத்தும் காலையில் எழுந்து பல் தேய்ப்பதே பெரும்பாடாக இருந்தது. அப்போதுதான் டாக்டர் டிஎம்எஸ் எடுத்துப் பார்க்கலாம் என்றார். டிரான்ஸ்கிரேனியல் மேக்னடிக் ஸ்டிமுலேஷன், அதாவது தலைக்கு வெளியே காயில் என்கிற கம்பிச்சுருளை வைத்து, காந்தப்புலத்தால் மூளையின் ஒரு பகுதியைத் தூண்டுவது.

வீட்டில் சொன்னதும் அத்தை, “ஏங் கண்ணு, நம்ம காந்தப் படுக்கையாட்டவா?” என்று கேட்டார். மூட்டுவலிக்கென்று வாங்கி, இப்போது பரண்மேல் கிடக்கிற படுக்கை அது. இல்லவே இல்லை அத்தை. சுருளுக்குள் காந்தத்தைச் சும்மா வைத்திருந்தால், மின்னோட்டத்தைக் காட்டும் கால்வனோமீட்டரின் முள் அசையாது. உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும்தான் துள்ளும். ஃபாரடே 1831-இல் கண்டது இதைத்தான், 19 வருடமாக பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டுவதும் இதைத்தான். டிஎம்எஸ் காயிலில் ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரத்தில் காந்தப்புலம் ஏறி இறங்கிவிடும். அதன் வலு எம்ஆர்ஐ மெஷினுக்குச் சமம், 1.5 டெஸ்லா அளவுக்கு வரும். அந்த மாற்றம்தான் மண்டையோட்டைத் தாண்டி, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குள் லேசான மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. ஷாக் ட்ரீட்மென்ட்டும் இதுவும் வேறு வேறு. மயக்க மருந்து கிடையாது, முழு நினைவோடுதான் உட்கார்ந்திருப்போம்.

முதலில் போன இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தலைக்குள் உலோகம் ஏதாவது இருக்கிறதா, பேஸ்மேக்கர் இருக்கிறதா, எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நேராக நாற்காலியில் உட்கார வைத்து மெஷினைப் போட்டுவிட்டார்கள். காதடைப்பானும் தரவில்லை. மூளையைத் தூண்டத் தேவையான குறைந்தபட்ச அளவுதான் த்ரெஷோல்ட். “த்ரெஷோல்ட் பார்க்கலையா?” என்று கேட்டதற்கு, “மெஷினே பார்த்துக்கும் மேடம்” என்றார் அங்கிருந்த பையன். மெஷின் எப்படிப் பார்க்கும்? ஒவ்வொருவர் மூளைக்கும் அளவு வேறாயிற்றே. நான்கு சிட்டிங்கோடு நிறுத்திவிட்டேன். கட்டிய பணம் திரும்ப வரவில்லை.

இரண்டாவதாகப் போன இடம் கோவையில். முதல் நாள் அளவெடுப்பதற்கே ஒரு மணி நேரம் ஆனது. தலையில் துணித்தொப்பி மாட்டி, மூக்கின் மேலிருந்து பின்மண்டை வரை, ஒரு காதிலிருந்து மறுகாது வரை டேப் வைத்து அளந்தார் டெக்னீஷியன் அம்மா. எட்டு போட்ட மாதிரி இரண்டு வளையம் ஒட்டிய காயிலை என் தலையின் இடப்பக்கம் வைத்து, ஒவ்வொரு துடிப்பாக விட்டுக்கொண்டே விரற்கடை விரற்கடையாக நகர்த்தினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். மடியில் சும்மா கிடந்த என் வலது கட்டைவிரல் டக்கென்று துள்ளியது. நான் அசைக்கவில்லை. கால்வனோமீட்டர் முள் என் கையிலேயே இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. பத்துத் துடிப்பில் ஐந்து முறையாவது விரல் துள்ளுகிற குறைந்தபட்ச அளவைக் குறித்துக்கொண்டார். அதில் 120 சதவீதம் என் டோஸ். பிறகு காயிலை முன்நெற்றிப் பக்கம் நகர்த்தி, தொப்பியில் பேனாவால் குறி போட்டு வைத்தார்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவர் குழுவும் 1985-இல் முதன்முதலாகச் செய்து காட்டியதும் இதே கை துள்ளலைத்தான். மூளையிலிருந்து தசைக்குப் போகிற நரம்புப் பாதை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் அவர்களுக்கு அன்றைக்கு ஆர்வம். மன அழுத்தத்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2008-இல்.

எனக்குக் கொடுத்தது நொடிக்கு 10 துடிப்பு. நான்கு நொடி அடிக்கும், 26 நொடி ஓய்வு. ஒரு சிட்டிங்குக்கு 3,000 துடிப்பு, 37 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். தையல் மெஷினை முழு வேகத்தில் மிதித்த மாதிரி சத்தம். காதடைப்பான் இல்லாமல் உட்காராதீர்கள். முதல் வாரம் புருவம் படபடவென்று துடித்தது, நெற்றிப்பொட்டில் குத்தல், இரண்டு நாள் தலைவலிக்குப் பாராசிட்டமால் போட்டேன். அப்புறம் பழகிவிட்டது.

குறை இரண்டு. இரண்டு நாள் காயில் சூடாகி மெஷின் தானாகவே நின்றுவிட்டது, ஆறும்வரை காத்திருந்தேன். அடுத்தது, வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் போக வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு லீவு பெரிய தலைவலி. துடிப்புகளைக் கொத்துக் கொத்தாக விட்டு, மூன்று நிமிடத்தில் முடிகிற தீட்டா பர்ஸ்ட் முறையும் உண்டு. கனடாவில் 400 பேருக்கு மேல் வைத்து ஒப்பிட்டு, பழைய முறைக்கு அது குறைந்ததல்ல என்று 2018-இல் வெளியிட்டார்கள். என் இடத்தில் அது இல்லை. நீங்கள் போகிற இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

செலவு சிட்டிங்குக்கு 1,500 வீதம் 45,000 ரூபாய்.

எனக்குக் கேட்டது. எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல மாட்டேன், மாத்திரையையும் நான் இன்னும் விடவில்லை. முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. 17-வது சிட்டிங் முடிந்து திரும்பும்போது, கிணத்துக்கடவில் பஸ் நின்றதும் ஜன்னல் வழியாகக் கொய்யா விலை கேட்டேன். எனக்காக எதையாவது வாங்க வேண்டும் என்று தோன்றி எத்தனை மாதம் ஆகியிருந்தது! அரைக் கிலோ வாங்கி, வீடு வருவதற்குள் இரண்டைத் தின்றுவிட்டேன். மீதியை அத்தையிடம் கொடுத்தேன்.