பழைய வண்டிக்கு தேர்ட் பார்ட்டியா, ஃபுல் இன்ஷூரன்ஸா? பின் சீட்டிலிருந்து ஒரு கணக்கு

இன்ஷூரன்ஸ் முடிகிற வாரத்தில் எல்லா வீட்டிலும் எழுகிற கேள்வி இது: "வண்டிக்கு வயசாயிடுச்சே, தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டாப் போதாதா? ஃபுல் எதுக்கு?" பதில் சொல்கிறவர்களும் வண்டியின் விலையை வைத்தே சொல்கிறார்கள். நாற்பதாயிரம் பெறுமா, ஃபுல் போடு; இருபதுதான் தேறுமா, தேர்ட் பார்ட்டி போதும். இரு சக்கர வண்டிக்கு இது பாதிக் கணக்குதான். மனைவியையும் அம்மாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது. அதில் யார் யார் உட்காருகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் வண்டியின் விலையைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் விலைப்பட்டியலைச் சுருக்கமாக முடித்துவிடுவோம். தேர்ட் பார்ட்டி கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ஏறக்குறைய 843. 150-ஐத் தாண்டி 350 சி.சி. வரை 1,366 ரூபாய், வரி தனி. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் இதே தொகைதான். ஆகவே தேர்ட் பார்ட்டிக்கு நான்கு வெப்சைட்டில் விலை ஒப்பிட்டுப் பார்ப்பது வீண் வேலை. யாராவது 400 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறேன் என்றால் அந்தத் தாள் போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபுல் என்பது இதன்மேல் 'ஓன் டேமேஜ்' (சுருக்கமாக ஓ.டி.) எனப்படும் சொந்தச் சேதப் பகுதியைச் சேர்ப்பது. அந்தப் பகுதிக்குத்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும், பேரம் பேசலாம். ஷோரூமில் 'பம்பர் டு பம்பர்' என்று விற்பது அதற்கும் மேலே ஒரு படி: தேய்மானம் கழிக்காமல் உதிரிப் பாகத்துக்குப் பணம் தரும் ஜீரோ டெப்.

இப்போது பின் சீட்டுக்கு வருவோம். தேர்ட் பார்ட்டி என்றால் நம் வண்டியால் பாதிக்கப்படும் மூன்றாவது நபர். நடந்து போகிறவர், எதிரே வந்த சைக்கிள்காரர், இன்னொரு பைக்கில் இருந்தவர் எல்லாரும் இதில் அடக்கம். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டால் வாகன விபத்து வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு எத்தனை லட்சமானாலும் கம்பெனிதான் கட்ட வேண்டும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. 843 ரூபாய்க்கு இது மிகப் பெரிய பாதுகாப்பு. ஆனால் நம் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பவர் இந்தக் கணக்கில் வருவாரா? வரமாட்டார் என்பதுதான் பலருக்குத் தெரியாத பதில். சட்டம் கட்டாயமாக்கிய அளவுக்கு மட்டும் எடுத்த பாலிசியில், கூலி கொடுக்காமல் பின்னால் ஏறிவரும் நபருக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2006-ல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாறாக, பேக்கேஜ் பாலிசி எனப்படும் ஃபுல் இன்ஷூரன்ஸில் காரில் இருப்பவருக்கும் பைக்கின் பின் சீட்டில் இருப்பவருக்கும் பாதுகாப்பு உண்டு. அதை 2012-ல் பாலகிருஷ்ணன் வழக்கில் அதே நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

நடைமுறையில் இதன் பொருளைப் பாருங்கள். மழையில் நனைந்த ரோடு, கணவர் ஓட்டுகிறார், பிரேக் பிடித்ததும் வண்டி சறுக்கி மனைவியின் இடுப்பெலும்பு முறிகிறது. வேறு வண்டி எதுவும் மோதவில்லை. லாரி மோதியிருந்தால் லாரியின் இன்ஷூரன்ஸில் கேட்கலாம். இங்கே கேட்க ஆளே இல்லை. கையில் இருப்பது வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் அந்த அம்மாவுக்கு வண்டி பாலிசியிலிருந்து ஒரு ரூபாய் வராது. பேக்கேஜ் பாலிசி இருந்தால் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட்டு இழப்பீடு கேட்க வழி இருக்கிறது. ஒரு ஆண்டுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பழைய ஸ்கூட்டருக்குச் சில நூறு ரூபாய்.

காரிலும் இதே ஓட்டை இருக்கிறது. கட்டாய அளவுக்கு மட்டும் பாலிசி எடுத்த கார் ஒன்றின் வழக்கில்தான், 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாப் புது வண்டிக்கும் ஐந்தாண்டு பம்பர் டு பம்பர் கட்டாயம் என்றது. நடைமுறைச் சிக்கல் எழுந்ததால் அடுத்த மாதமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. உத்தரவு போய்விட்டது, அதற்குக் காரணமான ஓட்டை அப்படியே இருக்கிறது.

ஓட்டுபவர் கதை வேறு. அவருக்கென்று 'ஓனர் டிரைவர்' விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய்க்கு உண்டு. தேர்ட் பார்ட்டி எடுத்தாலும் ஃபுல் எடுத்தாலும் இதைச் சேர்க்க வேண்டும். அதே அளவில் வேறு விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் மட்டும் விட்டுவிடலாம். இறப்புக்கும் இரு கை கால் இழப்புக்கும் முழுத் தொகை, ஒரு கையோ ஒரு கண்ணோ போனால் பாதி. ஆஸ்பத்திரி பில் இதில் வராது. பிரீமியத்தைக் குறைத்துக்காட்ட ஆன்லைன் பக்கங்களில் முதலில் டிக் எடுக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். தயவுசெய்து அந்த டிக்கை நீக்காதீர்கள்.

இதில் நம் ஊர் குடும்பங்களுக்கென்றே ஒரு சிக்கல். ஆர்.சி. புத்தகம் அப்பா பெயரில், தினமும் ஓட்டுவது காலேஜ் போகும் மகன். அந்த 15 லட்சம் ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டும்தான், அதுவும் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான். மகன் தானாக விழுந்தால் ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தாலும் அவனுக்கு அதில் எதுவும் வராது. இதற்கு வண்டி பாலிசியில் தீர்வு தேடுவதைவிட, மகன் பெயரில் தனி விபத்துக் காப்பீடு எடுப்பதே சரி. எல்லாக் கம்பெனியும் ஒரே விதிகளோடு விற்கும் 'சரல் சுரக்ஷா பீமா' 2021 ஏப்ரல் முதல் இருக்கிறது. இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை எடுக்கலாம். அதற்கும் வசதியில்லை என்றால், பேங்க் கணக்கு உள்ள 18 முதல் 70 வயதுக்காரர் யாரும் ஆண்டுக்கு 20 ரூபாயில் சேரக்கூடிய பிரதமர் சுரக்ஷா பீமா யோஜனாவில் இரண்டு லட்சம் கிடைக்கும்.

ஆட்களைப் பார்த்தாயிற்று, இனி வண்டி. ஷோரூம் விலை 90,000 உள்ள ஒரு 110 சி.சி. ஸ்கூட்டரைக் கற்பனைக்கு வைப்போம். வண்டியின் காப்பீட்டு மதிப்பான ஐ.டி.வி. மூன்றாண்டு தாண்டியதும் 40 சதவீதம் கழிந்து 54,000. நான்காண்டு தாண்டினால் 45,000. அதன் பிறகு நீங்களும் கம்பெனியும் ஒத்துக்கொள்ளும் தொகை. மூன்றரை வயதான அந்த ஸ்கூட்டர் கீழே விழுந்து முன்பக்க பேனல், ஹெட்லைட், மட்கார்டு, ஹேண்டில்பார் போகிறது என்று வையுங்கள். பிளாஸ்டிக் பாகம் 4,800, ஹேண்டில்பார் 1,200, லேபர் 1,500, மொத்தம் 7,500. பிளாஸ்டிக்குக்குப் பாதி கழியும். இரும்புக்கு அந்த வயதில் 25 சதவீதம் கழியும். லேபரில் கழிக்க மாட்டார்கள். கட்டாயக் கழிவு நூறு ரூபாயும் போக கையில் வருவது 4,700. ஜீரோ டெப் இருந்தால் 7,400. ஸ்கூட்டரின் வெளி உடம்பு பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் புது ஸ்கூட்டருக்கு ஜீரோ டெப் நியாயமான செலவு. டேங்கும் ஃபிரேமும் இரும்பாக உள்ள பழைய மாடல் பைக்குக்கு அவ்வளவு அவசியமில்லை.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்காரர்கள் ஜீரோ டெப் எடுக்கும்போது ஒரு வரியைத் தேடிப் படிக்க வேண்டும். பேட்டரிக்கும் தேய்மானம் 50 சதவீதம்தான், ஆனால் அவர்கள் வண்டியில் விலை உயர்ந்த பாகமே அதுதான். பல ஜீரோ டெப் வாசகங்களில் டயரோடு பேட்டரியும் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

"கிளெய்ம் பண்ணா நோ கிளெய்ம் போனஸ் போயிடுமே" என்று சிலர் ஆறாயிரம் ரூபாய் வேலையைக் கைக்காசில் செய்துகொள்கிறார்கள். காருக்கு அந்தத் தயக்கத்தில் அர்த்தம் இருக்கலாம். கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடிதான் இந்த போனஸ். அது 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாவது ஆண்டில் 50 வரை ஏறும். ஆனால் அது ஓ.டி. பிரீமியத்துக்கு மட்டும்தான். ஸ்கூட்டருக்கு ஓ.டி. பகுதி ஆயிரம் ரூபாய் என்றால் 45 சதவீத போனஸின் மதிப்பு 450 ரூபாய். அதைக் காப்பாற்ற, மேலே கணக்கிட்ட 4,700 போன்ற தொகையை விடுவது சரியில்லை. பாலிசி முடிந்து 90 நாள் சும்மா இருந்தால் போனஸ் தானாகவே போய்விடும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது ஐந்தாண்டுத் தாள் விவகாரம். 2018 செப்டம்பர் முதல் புது டூவீலருக்கு ஐந்தாண்டு தேர்ட் பார்ட்டி கட்டாயம். ஷோரூமில் "அஞ்சு வருஷ இன்ஷூரன்ஸ் இருக்கு சார்" என்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் பாலிசித் தாளில் ஓ.டி. காலம், டி.பி. (தேர்ட் பார்ட்டி) காலம் என்று இரண்டு தேதிகள் இருக்கும். டி.பி. ஐந்து ஆண்டு ஓடும், ஓ.டி. முதல் ஆண்டோடு முடியும். ஓனர் டிரைவர் காப்பீடும் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் போட்டிருப்பார்கள். மூன்றாவது ஆண்டில் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் விட்ட வண்டி காணாமல் போனால் தாள் கையில் இருக்கும், பணம் வராது. 2019 செப்டம்பர் முதல் ஓ.டி.யை மட்டும் தனியாக, வேறு கம்பெனியிலிருந்துகூட வாங்கலாம். அப்படி வாங்குகிறவர்கள் பின் சீட்டுக்கான பாதுகாப்பு இரண்டில் எந்தத் தாளில் எழுதியிருக்கிறது என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் பின்னால் அமர்பவருக்கான விபத்துக் காப்பீட்டைக் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள்.

வண்டி திருட்டுக்கு ஃபுல் மட்டும்தான் உதவும். போலீஸ் ஸ்டேஷனில் முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்புவார்கள், அது எஃப்.ஐ.ஆர். ஆகாது. கம்பெனி கேட்பது எஃப்.ஐ.ஆர்., பிறகு வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, கூடவே இரண்டு சாவியும். வெள்ளச் சேதமும் ஃபுல்லில்தான். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ பேர் ஒரு தவறால் இன்ஜின் செலவைக் கையிலிருந்து கட்டினார்கள்: தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்தது. அதனால் வரும் இன்ஜின் சேதம் பின்விளைவுச் சேதம் என்று கழிக்கப்படும். போட்டோ எடுத்துவிட்டு, செல்ஃப் போடாமல், தள்ளிக்கொண்டே போய் சர்வீஸில் விடுங்கள். வேளச்சேரி, முடிச்சூர் போன்ற தாழ்ந்த பகுதியில் இருப்பவர்கள் இன்ஜின் சேதத்துக்கான கூடுதல் காப்பீடான இன்ஜின் புரொடெக்ட் சேர்ப்பது நல்லது.

என் தேர்வு இப்படி. ஐந்து வயதுக்குக் குறைந்த ஸ்கூட்டருக்கு ஓ.டி. விடவே கூடாது, மூன்று வயது வரை ஜீரோ டெப்பும் சேர்க்கலாம். பத்து வயதான வண்டி, ஒருவர் மட்டும் ஓட்டுகிறார், பின்னால் யாரும் ஏறுவதில்லை என்றால் தேர்ட் பார்ட்டியும் 15 லட்சம் ஓனர் டிரைவரும் போதும். அதே பத்து வயது வண்டியில் தினமும் பிள்ளையை ஸ்கூலில் விடுகிறீர்கள் என்றால், வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிற நிலையில் இருந்தாலும் பேக்கேஜ் பாலிசிதான் கேட்பேன். வயதான வண்டிக்கு ஃபுல் தர கம்பெனி தயங்கும், இன்ஸ்பெக்ஷன் கேட்கும். பாலிசி முடிவதற்கு முன்பே புதுப்பித்தால் அந்த அலைச்சல் குறையும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு மேலே சொன்னது எதுவும் பொருந்த, முதலில் பெயர் மாற வேண்டும். விற்றவரின் தேர்ட் பார்ட்டி வண்டியோடு சேர்ந்து வரும், ஆனால் ஓ.டி. பகுதியை 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்ற வேண்டும். போனஸ் விற்றவருடையது, அவர் சான்று வாங்கித் தன் அடுத்த வண்டிக்குப் பயன்படுத்தலாம். விற்றவருக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வாங்கியவர் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமல் ஓட்டி யாரையாவது இடித்தால் நோட்டீஸ் விற்றவர் வீட்டுக்குத்தான் வரும். விற்பவர் நீங்கள் என்றால், பணம் வாங்கும் அன்றே பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் மாறிவிட்டதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.