கோத்தகிரி சிலோன்காரங்க கடை: ரொட்டியும் கட்ட சம்பலும்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட்ல இருந்து நடந்தே போயிரலாம், போர்டு எதுவும் இருக்காது, சிலோன்காரங்க கடைன்னு கேட்டா வழி காட்டுவாங்க. மூணு பெஞ்சு, ஒரு அடுப்பு, ஒரு பாட்டி, அவங்க மருமக. நாலு தடவ போயிட்டு வந்துதான் எழுதுறேன்.

ரொட்டின்னா புரோட்டா இல்லைங்க. கோதும மாவுல துருவுன தேங்கா, பச்ச மொளகா, உப்பு போட்டு பெசஞ்சு கையாலயே தடிமனா தட்டி கல்லுல போடுவாங்க, ஓரம் லேசா கருகி நடுவுல மெத்துன்னு இருக்கும். ரெண்டு ரொட்டி 40 ரூபா, கூட கட்ட சம்பல். காஞ்ச மொளகா, சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு எல்லாம் இடிச்சு எலுமிச்ச புழிஞ்சது. மாசி தூத்துக்குடில இருந்து வருதாம். சைவம்னா முன்னாடியே சொல்லிருங்க, மாசி போடாம தனியா இடிச்சு தர்றாங்க.

எங்க அம்மாச்சி இலங்கை மலையகத்துல தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல பொறந்தவங்க. 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம்ம பிரதமர் சாஸ்திரியும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, அங்க இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்கள்ல 5,25,000 பேர இந்தியா எடுத்துக்கும்னு ரெண்டு அரசும் முடிவு பண்ணுச்சு, அந்த கணக்குல வந்தவங்க. நீலகிரில டான்டீ, அதாவது தமிழ்நாடு அரசோட தேயிலைத் தோட்டம் 1968ல ஆரம்பிச்சதே இவங்களுக்கு வேல குடுக்கத்தான். அதனால மொத வாய்லயே எனக்கு தொண்ட அடச்சிருச்சு, அம்மாச்சி சுட்ட அதே ருசி.

கடைப் பாட்டியோட தங்கச்சி குடும்பம் இன்னும் இலங்கைல, தேயிலைத் தோட்ட ஊரான அட்டன்லதான் இருக்கு. 2022ல இலங்கைல டாலர் தீந்து பொருளாதாரம் விழுந்தப்ப என்ன பட்டாங்கன்னு கல்லுல ரொட்டிய திருப்பிக்கிட்டே சொன்னாங்க. இலங்கைல கோதும வெளையாது, மாவு மொத்தமும் டாலர் குடுத்து வாங்கணும், தோட்டத்து ஆளுங்களுக்கு காலைலயும் ராத்திரியும் இந்த ரொட்டிதான் சாப்பாடு. டாலர் கொண்டு வர்ற தேயிலைய பறிக்கிறதும் அவங்கதான். டாலர் தீந்தப்ப மொதல்ல அடி வாங்குனதும் அவங்க தட்டுதான். 2021ல தோட்டத் தொழிலாளிக்கு ஒரு நாள் சம்பளம் 1000 இலங்கை ரூபான்னு அரசு அறிவிச்சது, அதுக்கே எத்தன வருசப் போராட்டம், அப்ப டாலருக்கு 200 ரூபா கிட்ட இருந்துச்சு, அடுத்த வருசமே 360 ஆச்சு, அதாவது அஞ்சு டாலர் சம்பளம் மூணு டாலருக்கும் கீழ போயிருச்சு. அதே 2021ல ரசாயன உரத்த தடை பண்ணி கொழுந்தும் கொறஞ்சுது. நவம்பர்ல தடைய எடுத்தாங்க, ஆனா போன வெளைச்சல் போனதுதான்.

நம்ம ஆளுங்க பேசறப்ப இலங்கை விழுந்ததுக்கு சீனாக்காரன் கடன்தான் காரணம்னு சொல்லிடுறாங்க. ஹம்பாந்தோட்டை துறைமுகத்த 2017ல சீனா கம்பெனிக்கு 99 வருச குத்தகைக்கு விட்டது உண்மை. ஆனா வெளிநாட்டு சந்தைல கூடுதல் வட்டிக்கு வித்த கடன் பத்திரங்கள் அதவிட பெரிய சுமை, 2019ல வரிய வேற கொறச்சாங்க, கொரோனா வந்து டூரிஸ்ட் வரவும் நின்னுச்சு. 2022 ஏப்ரல்ல வெளிநாட்டு கடன கட்ட முடியாதுன்னு அறிவிச்சாங்க, 1948 சுதந்திரத்துக்கு அப்புறம் அதுதான் மொத தடவ. ஈரான்கிட்ட வாங்குன எண்ணெய்க்கு பாக்கி 25 கோடி டாலர், அத மாசம் 50 லட்சம் டாலர் மதிப்புக்கு தேயிலையாவே குடுத்து கழிக்கிறதா 2021 டிசம்பர்லயே ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. நாடு வாங்குன கடன கொழுந்து கூடைலயா எடுத்து வைக்கிறதுன்னு எனக்கு மனசே ஆறல.

சரி, டீக்கு வர்றேன். பிளேன்டி 12 ரூபா, பால் ஊத்தாத நம்ம வரட்டீதான், இஞ்சி தட்டி போட்டு வெல்லம் ஒரு துண்டு தனியா வைப்பாங்க, கடிச்சுக்கிட்டே குடிக்கணும். பால் டீ இருக்கு, ஆனா பாட்டி குடிக்கறதில்ல. அட்டன்ல பால் மாவு கெடைக்காம புள்ளைங்க பிளேன்டி குடிச்ச வருசம் விட்டுட்டாங்களாம். 2022 மே மாசம் தமிழ்நாடு அரசு அரிசி, பால் மாவு, மருந்தெல்லாம் கப்பல்ல அனுப்புச்சுல்ல, அந்த செய்தி வந்த பேப்பர செவுத்துல ஒட்டி வச்சிருக்காங்க.

கொற ஒண்ணு ரெண்டு சொல்லணும். இடியாப்பத்துக்கு தர்ற சொதி ரொம்ப தண்ணியா இருக்கு, தேங்காப்பால் பத்தல. ஞாயித்துக்கெழம கூட்டத்துல அர மணி நேரம் நின்னேன். சொதிக்காக அர மார்க் கொறச்சு அஞ்சுக்கு நாலர.

காலைல எட்டு மணிக்கு போனா சூடா கெடைக்கும், பதினொண்ணுக்கு மேல மாவு தீந்துரும். பிளாஸ்டிக் கவர் தர மாட்டாங்க, பார்சலுக்கு தூக்குச்சட்டி எடுத்துட்டு போங்க, சம்பல் தனியா கேட்டா ஒரு சின்ன டப்பா 60 ரூபா.