இஎஸ்பிஎன் ப்ளேஆஃப் மெஷின்: ஒரு வைக்கிங்ஸ் ரசிகையின் மதிப்புரை

மினசோட்டாவுக்குக் குடிவந்த வருஷத்திலிருந்து, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் நான் இந்த ஊர் அணியான வைக்கிங்ஸ் கட்சி. ஆனாலும் டிவிஷன் ஆட்டங்களுக்கு (நான்கு அணிகள் கொண்ட சொந்தப் பிரிவுக்குள் நடப்பவை) மட்டும் ஏன் இத்தனை பரபரப்பு என்பது 2024 சீசன் முடிவில்தான் எனக்கு உறைத்தது. உறைக்க வைத்தது இஎஸ்பிஎன் தளத்தில் இருக்கும் 'ப்ளேஆஃப் மெஷின்'.

வேலை எளிது. மீதி ஆட்டங்களில் யார் ஜெயிப்பார்கள் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தால், எந்த அணி எத்தனையாவது இடத்தில் ப்ளேஆஃபுக்குள் (சீசன் முடிந்ததும் நடக்கும் நாக்-அவுட் சுற்று) நுழையும் என்று காட்டிவிடும். காசு கிடையாது.

புத்தாண்டு விடுமுறையில் சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நானும் மகனும் உட்கார்ந்தோம். மீதி இருந்தது ஒரே வாரம். வைக்கிங்ஸும், அதே டிவிஷனில் இருக்கும் டெட்ராய்ட் அணியான லயன்ஸும் ஆளுக்கு 14 வெற்றி, 2 தோல்வி. கடைசி ஆட்டம் டெட்ராய்ட்டில், இரண்டு பேருக்கும் நடுவே. வைக்கிங்ஸைத் தொட்டோம், முதல் இடம். லயன்ஸைத் தொட்டோம், நேராக ஐந்தாம் இடம்!

"பதினாலு மேட்ச் ஜெயிச்ச டீம் எப்படிம்மா அஞ்சாவது?" என்றான்.

லீகின் பாதியான ஒரு கான்ஃபரன்ஸில் நாலு டிவிஷன்கள்; அதன் முதல் 4 இடங்கள் டிவிஷன் சாம்பியன்களுக்கு மட்டும். மற்றவர்கள் எத்தனை ஜெயித்தாலும் ஐந்திலிருந்துதான் தொடங்க வேண்டும். 17 ஆட்டங்களில் 6 தான் டிவிஷன் ஆட்டம், ஆனால் அதில் தோற்றால் நம் கணக்கில் ஒன்று குறைவதோடு போட்டியாளர் கணக்கில் ஒன்று ஏறுகிறது. வேறு டிவிஷனில் இருக்கும் சியாட்டிலிடம் நாங்கள் தோற்றால் லயன்ஸ் கணக்கில் எதுவும் ஏறாது. டிவிஷனில் இரண்டு அணிகள் சமநிலையில் முடித்தாலும் முதலில் பார்ப்பது நேருக்கு நேர் முடிவு, அடுத்து டிவிஷன் கணக்கு.

அப்புறம்தான் அக்டோபர் 20 ஞாபகம் வந்தது. எங்கள் மைதானத்திலேயே லயன்ஸிடம் 31-29. கடைசி 15 விநாடி இருக்கையில் அவர்களின் ஜேக் பேட்ஸ் அடித்த ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் 3 புள்ளி). அன்று பந்து கொஞ்சம் விலகியிருந்தால் கடைசி ஆட்டத்துக்கு இரண்டு அணியும் 14-2 என்று சமமாக வந்திருக்க மாட்டோம். நாங்கள் 15-1, அவர்கள் 13-3, டிவிஷன் அப்போதே எங்கள் கையில். அந்த 2 புள்ளி எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஜனவரி 5 அன்று 31-9 என்று தோற்றோம். ஜமீர் கிப்ஸ் ஒருவரே 4 டச்டவுன். மெஷின் சொன்ன அதே ஐந்தாம் இடம். 10 ஆட்டம் மட்டுமே ஜெயித்த லாஸ் ஏஞ்சலஸ் அணியான ராம்ஸ் தன் டிவிஷனில் சாம்பியன் என்பதால் 14 ஜெயித்த நாங்கள்தான் ஊர் விட்டு ஊர் போனோம். லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயால் ஆட்டம் அரிசோனாவுக்கு மாறியது, அங்கே 27-9 என்று தோற்றோம். முதல் இடம் பிடித்த லயன்ஸுக்கோ ப்ளேஆஃபின் முதல் வாரம் ஓய்வு.

எங்கள் டிவிஷனின் இன்னோர் அணியான பேக்கர்ஸையும் பாருங்கள்: 11 வெற்றி, ஆனால் டிவிஷனுக்குள் 1 வெற்றி, 5 தோல்வி. கடைசி இடமான ஏழில்தான் நுழைய முடிந்தது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் சமநிலை விதிகளை ஒருமுறை படித்துவிட்டு உட்காருங்கள், இல்லாவிட்டால் ஓர் அணி ஏன் மேலே போனது என்று புரியாது. நாம் தேர்ந்தெடுப்பதைத்தான் இது கணக்குப் போடும், ஆரூடம் சொல்லாது. சீசனின் கடைசி நாலு வாரத்தில்தான் ருசி. கடைசி வாரம் முழுக்க டிவிஷன் ஆட்டங்கள்தான், அந்த வாரம் கட்டாயம் திறந்து பாருங்கள். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம்.