கல்லூரியில் ஹார்மனி படித்த அனுபவம்: மகளைச் சேர்க்கலாமா என்று கேட்ட நண்பருக்கு

எங்கள் சர்ச் கொயரில் கீபோர்டு வாசிக்கும் நண்பர் போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, பொண்ணு வெஸ்டர்ன் மியூசிக்ல கிரேடு 5 தியரி பரீட்சை முடிச்சுட்டா. காலேஜ்ல ஹார்மனி பேப்பர் எடுக்கவான்னு கேக்குறா. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க." போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. முழுதாகச் சொன்னால் அவருக்கும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

ஹார்மனி என்றால் பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பதை எழுதும் கலை. அப்படிச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்தான் கார்டு. கீ சிக்னேச்சர், மேஜர், மைனர், மூன்று ஸ்வரக் கார்டு வரை தெரிந்தவர்களுக்கான படிப்பு இது. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று மேலிருந்து கீழாக நான்கு குரலுக்கு எழுதுவது, ஃபிகர்ட் பேஸ் (பேஸ் ஸ்வரத்தோடு எண் போட்டுக் கார்டைக் குறிப்பது), கேடன்ஸ் (வரியை முடிக்கும் விதம்), செவன்த் கார்டுகள் (நான்கு ஸ்வரக் கார்டு), மாடுலேஷன் (பாட்டின் நடுவே ச இடம் மாறுவது), கடைசியில் நியபாலிட்டன், ஆக்மென்டட் சிக்ஸ்த் மாதிரி கொஞ்சம் காரமான கார்டுகள். நான் படித்தது சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில். படித்து முடித்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அங்கே கற்றதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயன்படுத்துகிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் கோபம் இன்னும் ஆறவில்லை.

அந்த வகுப்பறையில் சத்தமே கிடையாது. மூலையில் ஒரு பியானோ இருந்தது, பெரும்பாலும் மூடியேதான் இருக்கும். பென்சிலால் எழுதுவோம், மேடம் வாங்கிப் பார்ப்பார், சிவப்புப் பேனாவால் சுழிப்பார், அடுத்த தாள். எழுதியதை யாரும் வாசித்துக் காட்டவில்லை, பாடச் சொல்லவும் இல்லை.

அதிகம் சுழிக்கப்பட்டது பேரலல் ஃபிஃப்த்ஸ், அதாவது இணை ஐந்தாவது: இரண்டு குரல்கள் ச-ப மாதிரி ஐந்தாவது இடைவெளி மாறாமல் ஒரே பக்கம் நகர்வது. சி-யை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் கார்டு ம-த-ச. ஜி கார்டு ப-நி-ரி. முதல் கார்டிலிருந்து இரண்டாவதுக்குப் போக, கீபோர்டில் கையை அப்படியே ஒரு ஸ்வரம் மேலே தள்ளினால் போதும். ம, ப ஆகும். ச, ரி ஆகும். ம-வுக்கும் ச-வுக்கும் நடுவே இருந்த ஐந்தாவது இடைவெளி ப-வுக்கும் ரி-க்கும் நடுவே கலையாமல் தொடரும். நான்கு குரல் எழுத்தில் இது கூடாது. பேஸ் மேலே ஏறினால் மற்ற மூவரும் கீழே இறங்க வேண்டும்: ச நி-க்கு, ம ரி-க்கு, த ப-வுக்கு. புதிதாகப் படிக்கும் எல்லார் தாளிலும் முதல் மாதங்களில் இந்தச் சுழிதான் நிறைந்திருக்கும்.

ஏன் கூடாது? வகுப்பில் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில், "ரூல் அப்படி." இவ்வளவுதான்.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஐந்தாவது இடைவெளியின் அதிர்வெண் விகிதம் 3:2. எட்டாவதுக்கு, அதாவது 2:1-க்கு, அடுத்தபடியாக நம் காது ஒன்றாகக் கலந்து கேட்பது இதைத்தான். இரண்டு குரல்கள் இந்த இடைவெளியிலேயே கைகோத்து நகர்ந்தால் இரண்டும் ஒரே குரலாக ஒட்டிக்கொள்ளும். நான்கு பேர் பாடுவார்கள், காதுக்கு மூன்று பேர்தான் கேட்பார்கள். ஒவ்வொரு குரலும் தனி ஆளாக நிற்க வேண்டிய பாணியில் அது நஷ்டம். ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம். பியானோ மூடியைத் திறந்திருந்தால் அதுகூட ஆகியிருக்காது.

இதை நான் காதால் தெரிந்துகொண்டது கல்லூரிக்கு வெளியேதான். கேரல் சர்வீஸ் ஒத்திகை முடிந்த ஒரு ராத்திரி, நான்கு பேரை நிற்கவைத்து இரண்டு விதமாகவும் பாடவைத்தேன். எல்லாரும் மேலே ஏறும் விதத்தில் டெனர் குரல் பேஸுக்குள் கரைந்து காணாமல் போனது. எதிரெதிராகப் போகும் விதத்தில் நான்கு குரலும் தனித்தனியாகத் தெரிந்தன. நோட்டேஷனே படிக்கத் தெரியாத ஆல்ட்டோ அக்கா ஒருவர், "ரெண்டாவதுல டெனர் நல்லா கேக்குதே" என்றார்.

நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த மௌனம் கூடுதலாகக் கெடுதல் செய்கிறது. தம்புராவில் ப-வும் ச-வும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. அந்த இடைவெளி நமக்கு இனிமை. அது காதில் விழுவதற்கு முன்பே தாளில் பார்த்துத் தப்பு என்று சுழித்தால், பிள்ளை தன் காதையே சந்தேகப்பட ஆரம்பிக்கும். என்னோடு படித்த, வயலின் நன்றாக வாசிக்கும் ஒரு பெண் இதனாலேயே பாதியில் நின்றுவிட்டாள். என் கோபத்துக்கு முதல் காரணம் அவள்தான்.

விதி எல்லாக் காலத்துக்குமானதும் இல்லை. ஐரோப்பாவிலேயே 9-ஆம் நூற்றாண்டு ஏடுகள் விவரிக்கும் ஆர்கனம் என்ற பாடுமுறையில் குரல்கள் இணை ஐந்தாவதிலும் நான்காவதிலும்தான் போயின. 1910-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸி, கடலில் மூழ்கிய தேவாலயத்தைப் பற்றிய பியானோ துண்டில் அந்த ஒலியை வேண்டுமென்றே கொண்டுவந்தார். ராக் கிட்டாரின் பவர் கார்டு முழுக்க அதுதான். பாடத்திட்டத்தின் கடைசியில் வரும் ஜெர்மன் சிக்ஸ்த் கார்டு (ஆக்மென்டட் சிக்ஸ்த்தில் ஒரு வகை) நேராக டாமினன்ட்டுக்கு, அதாவது ப-வில் எழும் கார்டுக்கு, இறங்கினாலும் இணை ஐந்தாவது வரும். அதற்கு மோட்சார்ட் ஃபிஃப்த்ஸ் என்று பெயரே உண்டு. நாங்கள் எழுதிப் பழகியது 1723 முதல் 1750 வரை லைப்சிக்கில் இருந்த ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் பாணி. இன்ன ஊர், இன்ன காலம், இன்ன பாணி என்று முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

பாஹ் பற்றி இன்னொன்று. வகுப்பில் பார்த்து எழுதிய அவருடைய கோரல்கள் சபையில் பாடிய பாட்டுகள். அவர் இறந்த பிறகு, 1784-க்கும் 1787-க்கும் நடுவே, 371 கோரல்கள் நான்கு பாகங்களாக அச்சாயின. அந்தப் பதிப்பில் பாட்டின் வார்த்தைகளை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே பாதிப் பாட்டு பயிற்சித்தாள் ஆகிவிட்டது. மீதிப் பாட்டை எங்கள் வகுப்பு முடித்துவைத்தது.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். மேடம் கடுமையான உழைப்பாளி. வாராவாரம் எல்லார் தாளையும் திருத்தித் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஃபிகர்ட் பேஸில் அவர் கொடுத்த பயிற்சியால், பேஸ் வரியைப் பார்த்ததும் கார்டு கையில் வந்துவிடுகிறது. செவன்த் கார்டு அவிழும் விதத்தை அவர் நடத்தியதும் அருமை. ஜி செவன்த்தில் நி-யையும் ம-வையும் மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். நி மேலே ச-வுக்குப் போகத் துடிக்கும், ம கீழே க-வுக்கு இறங்கத் துடிக்கும். இரண்டும் உள்ளே வந்து சேரும் அந்த நெருக்கத்தில்தான் பாட்டு முடிந்தது என்ற நிம்மதி கிடைக்கிறது. வீட்டில் கீபோர்டு இருந்தால் இந்த இரண்டிரண்டு ஸ்வரத்தை இப்போதே அழுத்திப் பாருங்கள்.

நான் எதிர்பார்க்காமல் கிடைத்த ஒன்றை இனி சொல்கிறேன். நான் டெனர். சொப்ரானோவுக்கு மெட்டு கிடைக்கும், பேஸ் ஏறி இறங்கும், நடுவில் இருக்கும் எங்களுக்கும் ஆல்ட்டோவுக்கும் வரி வரியாக ஒரே ஸ்வரம் வரும். சின்ன வயசிலிருந்தே அது ஒரு குறை எனக்கு. இரண்டு கார்டுக்கும் பொதுவான ஸ்வரம் இருந்தால் அதை அதே குரலில் நிறுத்திவை என்ற பாடம் வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. நான் ப-விலேயே நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சி கார்டு ஒலிக்கும்போது என் ப அதற்கு ஐந்தாவது, சாய்ந்துகொள்ளலாம். ஜி கார்டு வந்ததும் அதே ப வேராகிறது, மற்றவர்கள் என்மேல் நிற்கிறார்கள். ஈ மைனரில் அது மூன்றாவது, கார்டின் நிறமே என் கையில். ஏ மைனர் செவன்த்தில் அது ஏழாவது, ம-வுக்கு இறங்கச் சொல்லி நெருடும். நான் அசையவே இல்லை, ஆனால் நான்கு வேறு வேலை செய்துவிட்டேன். இது தெரிந்த பிறகு, நின்ற ஸ்வரத்தைப் பாடுவதில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷம் மெட்டுப் பாடுகிறவர்களுக்குக் கிடைக்குமா என்றுகூடத் தோன்றும். பழைய பாமாலைகளைப் பாடும்போது இன்றும் சிலிர்க்கிறது. அந்தப் படிப்பு இல்லாமல் இது எனக்குக் கிடைத்திருக்காது, இதை மனசாரச் சொல்கிறேன்.

மாடுலேஷனைப் பற்றிச் சுருக்கமாக. கர்நாடக இசை கற்ற பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். ஏ மைனர் கார்டு சி-யில் ஆறாவது, ஜி-யில் இரண்டாவது. பாட்டு எழுதுகிறவர்கள் அதன்மேல் கால் வைத்து சி-யிலிருந்து ஜி-க்குப் போய்விடுவார்கள். பாட்டின் நடுவிலேயே ச இடம் மாறிவிடும். தம்புராவில் ஊறிய காது அதை லேசில் விடாது. கிரகபேதம் (வேறொரு ஸ்வரத்தை ச-வாக வைத்துப் பாடுவது) தெரிந்த பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இதையும் எழுதிப் பார்த்தால் வராது, பாடினால்தான் வரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் நண்பருக்கு நான் சொன்ன பதில்: இந்த வருஷம் சேர்க்காதீர்கள். இத்தனை புகழ்ந்துவிட்டு ஏன் என்று கேட்பீர்கள். அந்த வயலின் பெண்ணின் முகம் கண் முன்னால் நிற்கும்போது என்னால் வேறு பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் மகள் இந்த ஒரு வருஷம் நம்ம கொயரில் ஆல்ட்டோ பாடட்டும். பக்கத்து ஸ்வரத்தோடு தன் ஸ்வரம் உரசுவதும் இணைவதும் தொண்டைக்குப் பழகட்டும். அப்புறம் அடுத்த வருஷம் கல்லூரி வகுப்பை நேரில் போய்ப் பாருங்கள், ஒரு பீரியடாவது பின்வரிசையில் உட்கார அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் எழுதியதை அங்கேயே பாடிப் பார்க்கிறார்களா, பியானோ திறந்திருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் ஃபீஸ் கூடுதலானாலும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் நம்ம சர்ச்சிலேயே சனிக்கிழமை சாயங்காலம் நான் சொல்லித்தருகிறேன், நீங்கள் கீபோர்டில் உட்காருங்கள்.