மூளைத்தண்டுக் கட்டி: திறந்து எடுப்பதா, ஊசி பயாப்சியா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் மாமாவுக்கு டீ குடிக்கும்போதெல்லாம் புரையேறியது, அப்புறம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. எம்ஆர்ஐ எடுத்ததும் மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டில் கட்டி என்றார்கள். அத்தை கேட்ட முதல் கேள்வி, "வெட்டி எடுத்துடலாம்தானே டாக்டர்?"

கட்டி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. எல்லை தெளிவாக இருந்து, வெளிப்புறம் துருத்திக்கொண்டிருந்தால் மண்டையைத் திறந்து எடுப்பதுதான் நல்ல வழி, அழுத்தம் உடனே குறையும். ஆனால் கட்டைவிரல் பருமனுள்ள அந்தத் தண்டுக்குள்தான் மூச்சு, விழுங்குதல், கண்ணசைவு, கைகால் நரம்புப் பாதைகள் எல்லாம் நெருக்கியடித்துப் போகின்றன. அறுவை நடக்கும்போதே மின்தூண்டல் கொடுத்து நரம்புகளைக் கண்காணித்தாலும், பிறகு மூக்குக்குழாய் வழியாகச் சாப்பாடு, தொண்டையில் துளை என்று ஆகலாம், சிலருக்கு அது நீடிக்கும்.

திசுவோடு கலந்து பரவிய கட்டியில் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. அங்கே ஊசி பயாப்சிதான்: மண்டையில் சின்னத் துளை, கணினி கணக்கிட்ட பாதை, பரிசோதனைக்கு அரிசிமணி போன்ற திசுத் துண்டுகள். கட்டி குறையாது, ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. ஆனாலும் பெரியவர்களுக்குப் படத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று, காசநோய்க் கட்டி, வேறிடத்திலிருந்து வந்த புற்று எல்லாம் படத்தில் ஒன்றுபோலத் தெரியக்கூடும், சிகிச்சையோ அடியோடு வேறு.

மாமாவுடையது பரவிய கிளையோமா, அதாவது நரம்புகளைத் தாங்கும் செல்களில் உருவாகும் கட்டி. பயாப்சிக்குப் பிறகு கதிர்வீச்சு நடக்கிறது. அத்தை டீயில் கெட்டியாக்கும் பொடி கலந்து, தாடையைத் தாழ்த்தச் சொல்லி, ஒவ்வொரு கரண்டியாகக் கொடுக்கிறார்.