மேக்கில் என்விரேம் அழிப்பு: நாலு விசையா, டெர்மினலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் டியூஷன் வகுப்புகளில் ஓடும் பழைய இன்டெல் ஐமேக்கில் ஒலியோ திரை அளவோ ஸ்டார்ட்அப் டிஸ்க்கோ (மெஷின் கிளம்பும் டிஸ்க்) குழம்பினால் என்விரேமை (NVRAM, இந்த அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சின்ன நினைவகம்) அழிப்பதுதான் வழக்கம். ஆனால் சில மெஷின்கள் அதற்காகப் பிடிக்கும் நாலு விசைகளைக் கண்டுகொள்ளாமல் நேரே லாகின் திரைக்குப் போய்விடும்.

விசை வழி: பவரைத் தட்டிய கையோடு ஆப்ஷன், கமாண்ட், பி (P), ஆர் (R) நான்கையும் சுமார் 20 விநாடி விடாமல் பிடியுங்கள். பழைய மாடலில் இரண்டாவது மணிச் சத்தம் வரும். டி2 (ஆப்பிளின் பாதுகாப்புச் சிப்) உள்ளதில் ஆப்பிள் சின்னம் இரண்டாம் முறை தோன்றி மறையும். அப்போது விடலாம். பலிக்கவில்லையா? முதல் சந்தேகம் ப்ளூடூத் கீபோர்டு மேல்தான். அது இணைவதற்குள் நேரம் கடந்துவிடும். யூஎஸ்பி கீபோர்டை ஹப்பில் இல்லாமல் நேரே மெஷினில் சொருகுங்கள். விண்டோஸ் கீபோர்டும் போதும்: விண்டோஸ் விசை கமாண்ட், ஆல்ட் விசை ஆப்ஷன். ஃபர்ம்வேர் பாஸ்வேர்ட் (மெஷின் கிளம்பும்போதே காக்கும் பூட்டு) போட்டிருந்தால் எந்தக் கீபோர்டும் உதவாது. செகண்ட் ஹேண்ட் மெஷினில் பழைய சொந்தக்காரர் வைத்த பூட்டு அப்படியே கிடக்கும், அதை முதலில் எடுக்கணும். எம்1 முதலான ஆப்பிளின் சொந்தச் சிப்களில் இந்த விசைக் கூட்டே கிடையாது.

டெர்மினல் வழி: அட்மின் கணக்கில் நுழைந்து, டெர்மினலைத் (கட்டளை தட்டும் ஆப்) திறந்து, சிறிய ஆங்கில எழுத்தில் 'சூடோ என்விரேம் -சி' (sudo nvram -c) என்று தட்டி என்டர். பாஸ்வேர்ட் அடிக்கும்போது திரையில் ஒன்றும் தெரியாது, பயப்பட வேண்டாம். பிறகு ரீஸ்டார்ட்.

மெஷின் உள்ளே போகிறதென்றால் டெர்மினலே மேல்; விரல் வித்தை தேவையில்லை. மெஷின் கிளம்பவே இல்லாதபோதுதான் விசைகளோடு மல்லுக்கட்டணும். எந்த வழியானாலும், முடிந்ததும் ஸ்டார்ட்அப் டிஸ்க்கையும் நேர மண்டலத்தையும் சரிபாருங்கள்.